கட்டடத்துக்கு மரண தண்டனை

பதினான்காம் லூயிக்குப் பௌத்திரம் வந்தது. அதில் பாரிஸ் ஓபராவின் முதலாளி லுல்லி செத்துப்போனார்.

மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ராஜாவின் பின்பக்கத்துக்கும் லுல்லியின் கால்விரலுக்கும்தான் போடுகிறேன். அதுவும் நான் போட்ட முடிச்சல்ல, சரித்திரம் போட்டது. 1686 நவம்பரில் ராஜாவுக்குக் கத்தி வைத்தார்கள். மயக்க மருந்து வர இன்னும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பாக்கி. ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்து, எழுந்து உட்கார்ந்தும் விட்டார். உட்கார முடிந்ததுதான் விசேஷம். நாடு முழுக்க மாதா கோயில்களில் நன்றிப் பாட்டு நடந்தது. ஊரே பாடும்போது அரண்மனைச் சங்கீதத்துக்கு ஏகபோக அதிபதியான ஜான் பாப்தீஸ்த் லுல்லி வாயை மூடிக்கொண்டிருப்பாரா? 1687 ஜனவரி 8 அன்று, கைக்காசு போட்டு, 150 பேரைத் திரட்டி, ஒரு மடத்துத் தேவாலயத்தில் தன்னுடைய பழைய துதிப்பாட்டு ஒன்றைத் தூசி தட்டி அரங்கேற்றினார்.

அந்தக் காலத்தில் இசையை நடத்துகிறவர் கையில் இப்போதுபோலப் பல்குச்சி அளவுக் கோல் கிடையாது. நீளத் தடியால் தரையை இடித்துத் தாளம் காட்டுவார்கள். நட்டுவனாரின் தட்டுக்கழியை உலக்கை அளவுக்கு வளர்த்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். லுல்லி ஆவேசக்காரர். ஒரு இடி தவறி அவர் கால்விரலிலேயே விழுந்தது. விரல் பழுத்தது, கறுத்தது, அழுகல் மேலே ஏறியது. வெட்டிவிடலாம் என்றார்கள் வைத்தியர்கள். லுல்லி இளவயதில் ராஜாவோடு ஒரே மேடையில் ஆடியவர். ஆடிய காலை வெட்டவிட மாட்டேன் என்றார். மார்ச் 22 அன்று கால் முழுசாக இருந்தது, ஆள்தான் இல்லை.

சாகக் கிடக்கும்போது பாவமன்னிப்புக் கொடுக்க வந்த பாதிரியார், எழுதிக்கொண்டிருக்கும் ஓபராவைத் தீயில் போட்டால்தான் மன்னிப்பு என்றாராம். லுல்லி கையெழுத்துப் படியை எடுத்துக் கொடுத்தார், தீயில் போட்டார்கள். பாதிரியார் திருப்தியாகப் போனதும் பார்க்க வந்த நண்பர் தலையில் அடித்துக்கொண்டாராம். 'இன்னொரு படி இருக்கிறது, கத்தாதே' என்றாராம் லுல்லி. நடந்ததோ இல்லையோ, லுல்லியைத் தெரிந்தவன்தான் இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் ஓபரா வீட்டின் சாவுக் கணக்கு லுல்லியில் ஆரம்பிக்கவில்லை. ஓபரா நடத்தும் உரிமையை ராஜா 1669இல் முதலில் கொடுத்தது பியேர் பெரேன் என்ற கவிஞருக்கு. கவிஞரிடம் வியாபாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? கடன்காரர்கள் பிடித்து உள்ளே தள்ளினார்கள். 1672இல் உரிமையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார் லுல்லி. உரிமை வந்தது, ஆட இடம் வேண்டுமே. பாலே ரொயால் அரண்மனையில் நல்ல அரங்கு ஒன்று இருந்தது, ஆனால் அதில் மோலியேரின் நாடகக் குழு குடியிருந்தது. 1673 பிப்ரவரி 17 அன்று, இல்லாத நோயை இருப்பதாக நினைத்து வைத்தியர்களுக்குக் காசை இறைக்கும் ஒருவனின் வேஷத்தில் மோலியேர் மேடையில் இருந்தார். நாலாவது நாள் ஆட்டம். வேஷத்துக்கு நோய் பொய், வேஷம் கட்டியவருக்கு நிஜம். இருமல் வந்தது. அதையும் நடிப்பில் சேர்த்து ஒப்பேற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சில மணி நேரத்தில் கண்ணை மூடினார். நடிகனுக்குத் தேவாலயம் இடம் தராது என்பதால் மனைவி ராஜாவிடம் போய் அழுத பிறகே, இரவில் புதைத்தார்கள்.

துக்கம் விசாரிக்கப் போகிறவன் பழம் கொண்டு போவான். லுல்லி வீட்டுச் சாவியைக் கேட்டு ராஜாவிடம் போனார். சில மாதத்திலேயே மோலியேர் குழு தெருவில், ஓபரா உள்ளே.

இனிமேல் சொல்லப் போகும் எல்லாவற்றுக்கும் இதுதான் அச்சு. பாரிஸ் ஓபரா என்பது கட்டடம் அல்ல, குடித்தனம். வீடு மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வீட்டையும் காலி செய்ய ஒரு பிணமோ ஒரு தீயோ வேண்டும். யார் செத்தாலும் கடைசியில் விசாரணை கட்டடத்தின் மேல்தான். எய்தவன் இருக்க அம்பை நோவதாவது பரவாயில்லை, இவர்கள் அம்பு பட்ட சுவரை நொந்துகொள்கிறவர்கள்.

பாலே ரொயால் அரங்கு 1763 ஏப்ரலில் எரிந்தது. அதே வளாகத்தில் புதிதாகக் கட்டி 1770இல் திறந்தார்கள். அது 1781 ஜூன் 8 அன்று எரிந்தது. அன்றைக்கு ஆடியது குளூக்கின் 'ஆர்ஃபே', செத்த மனைவியை மீட்கப் பாதாளத்துக்கே போகிறவனின் கதை. மேடையில் ஒரு விளக்கு திரைச்சீலையைத் தொட்டது. தோபெர்வால் என்ற நடனக்காரர் அலறாமல் திரையை இறக்கச் சொன்னார். சனங்கள் ஆட்டம் முடிந்ததென்று எழுந்து, தொப்பியைத் தேடி மாட்டிக்கொண்டு, சாவகாசமாக வெளியே போய்த் திரும்பிப் பார்த்தால் கூரையில் நெருப்பு. பிழைத்தது திரைக்கு முன்னால் இருந்தவர்கள், செத்தது திரைக்குப் பின்னால் இருந்தவர்கள். ஓபராவில் பெரும்பாலும் இதுதான் வழக்கம்.

அடுத்த வீட்டை சான் மார்த்தன் வாசலருகே ஐந்து மாதத்துக்குள் எழுப்பினார்கள். அவ்வளவு அவசரமாக எழுப்பியதில் உட்காரப் பணக்காரர்களுக்குப் பயம். அந்த நேரம் பார்த்து ராணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தச் சந்தோஷத்தில் முதல் ஆட்டம் பொதுமக்களுக்கு இலவசம் என்று அறிவித்தார்கள். ஏழைகளை உட்காரவைத்துப் பார்த்தோம், இடியவில்லை, இனி நாம் உட்காரலாம் என்ற கணக்கு அதில் உண்டென்று அப்போதே பேச்சு. கட்டடம் தொண்ணூறு வருஷம் நின்றது. பிறந்த இளவரசன் எட்டு வயசுகூட நிற்கவில்லை. அவனுடைய அப்பா அம்மா கதை உங்களுக்கே தெரியும்.

புரட்சி வந்தது. மதாம்வாசேல் மொந்தான்சியே என்ற கெட்டிக்கார அம்மாள், நாடகக் கொட்டகைகள் நடத்தியே பணம் சேர்த்தவர், ரிஷ்லியே தெருவில் 1793இல் ஒரு பெரிய அரங்கைக் கட்டித் திறந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் தேசிய நூலகம். சில மாதத்தில் அம்மாளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். குற்றச்சாட்டுகளில் ஒன்றைக் கேளுங்கள்: கொட்டகைகள் எப்படியும் எரியும், எரிந்தால் எதிரே இருக்கும் நூலகத்துக்கும் பரவும், ஆகவே நூலகத்தைக் கொளுத்துவதற்காகவே இங்கே கொட்டகை கட்டியிருக்கிறாள். முட்டாள்தனம் என்று சிரிக்கலாம். ஆனால் பாரிஸில் ஓபரா வீடுகளைப் பற்றி அரசாங்கம் தீப்பிடிப்பதற்கு முன்னால் யோசித்த அபூர்வமான தடவைகளில் இது ஒன்று. அம்மாள் தலை தப்பி வெளியே வந்தபோது அவருடைய கொட்டகையில் ஓபரா குடியேறியிருந்தது. நஷ்டஈடு கேட்டுக் கேட்டே அவருக்கு மீதி ஆயுசு கழிந்தது. நீண்ட ஆயுசு, 1820 வரை இருந்தார். அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் 1800, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. ஹைடனின் 'படைப்பு' பாரிஸில் முதல் தடவையாக இந்த அரங்கில் அரங்கேற்றம். நெப்போலியன் வண்டியில் வந்துகொண்டிருக்கிறார். சான் நிகேஸ் தெருவில் ஒரு குதிரை வண்டி, அதில் வெடிமருந்து நிரப்பிய பீப்பாய். குதிரையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி 14 வயசுப் பெண் ஒருத்தியின் கையில் சில்லறையைக் கொடுத்துவிட்டுச் சதிகாரன் விலகிப் போய்விட்டான். வெடித்தபோது நெப்போலியனின் வண்டி தாண்டிப் போயிருந்தது. அந்தப் பெண்ணும் தெருவில் போன பலரும் செத்தார்கள். நெப்போலியன் ஓபராவுக்குப் போய், தன் இடத்தில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னாராம். எல்லோரும் அவர் நெஞ்சுரத்தைப் பாராட்டினார்கள். அந்தப் பெண்ணின் கையில் கொடுத்த காசு என்ன ஆயிற்று என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது 1820க்கு வருவோம். இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும்.

நெப்போலியன் தீவுக்குப் போய்விட்டார், போர்பன் ராஜ வம்சம் திரும்பி வந்துவிட்டது. சிம்மாசனத்தில் பதினெட்டாம் லூயி. அவருக்குப் பிள்ளையில்லை. தம்பியின் மூத்த மகனுக்கும் பிள்ளையில்லை. இளைய மகன் பெர்ரி பிரபு ஒருவரை நம்பித்தான் வம்சமே. சேணம் தைக்கும் லூவெல் என்ற தொழிலாளி இந்தக் கணக்கை உட்கார்ந்து போட்டான். ராஜாவைக் குத்தினால் தம்பி வருவான், தம்பியைக் குத்தினால் மகன் வருவான். வேரில் கை வைக்க வேண்டுமானால் பெர்ரி. கட்சியில்லை, கூட்டாளியில்லை, ஒரு கத்தி மட்டும்.

பிப்ரவரி 13 இரவு. களைத்துப்போன மனைவியை வண்டியேற்றிவிட்டு மிச்ச ஆட்டத்தைப் பார்க்கலாம் என்று பிரபு ஓபரா வாசலுக்கு வந்தார். லூவெல் தோளைப் பிடித்து வலது பக்கம் செருகிவிட்டு ஓடினான். பிரபு யாரோ முட்டிவிட்டான் என்றே நினைத்தார். தடவிப் பார்த்தால் கைக்குக் கத்திப் பிடி. ஓடிய லூவெலைத் தடுத்துப் பிடித்தது காவலர்கள் மட்டுமல்ல, ஒரு காபிக்கடைப் பையனும்தான்.

தூக்கிக்கொண்டு போய் ஓபரா நிர்வாகியின் அறையில் கிடத்தினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் கைத்தட்டல், மூடினால் முனகல். நடனக்காரிகள் வேஷத்தோடு எட்டிப் பார்த்துப் போனார்கள். விடிய விடிய ஊரே வந்தது: மருத்துவர்கள், அமைச்சர்கள், அண்ணன், அப்பா. பிரபு, லண்டனில் ஒரு மாதிடம் தனக்குப் பிறந்த இரண்டு பெண்குழந்தைகளைப் பார்க்க வேண்டும் என்று மனைவியிடமே சொன்னார். அந்த அம்மாள், வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஓபராவில் அவ்வளவு நல்ல காட்சி அதற்கு முன்னும் பின்னும் நடந்ததில்லை. கடைசியாக வாதக்காலை இழுத்துக்கொண்டு ராஜா வந்தார். கொன்றவனை மன்னித்துவிடுங்கள் என்று பிரபு கெஞ்சினார். ராஜா பேச்சை மாற்றினார். காலை ஆறரை மணிக்கு முடிந்தது.

நடுவில் ஒரு சிக்கல். சாகிறவருக்குக் கடைசிச் சடங்கு செய்ய வேண்டும், ஆனால் இடமோ கூத்தாடிகள் வீடு. அதற்குள் நற்கருணையைக் கொண்டுவர வேண்டுமானால் பிறகு கட்டடத்தை இடித்துத் தள்ள வேண்டும் என்று குருமார் நிபந்தனை போட்டதாகச் சொல்வார்கள். ஆக ஒரே கொலைக்கு இரண்டு தண்டனை. லூவெலுக்கு ஜூன் 7 அன்று கில்லட்டின், ஓபரா வீட்டுக்குக் கடப்பாரை. லூவெலாவது விசாரணைக்குப் போனான். கட்டடத்தை அதுவும் கேட்கவில்லை. கட்டிய மொந்தான்சியே அம்மாள் அந்த ஜூலையிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மாளின் கொட்டகை நூலகத்தைக் கடைசிவரை எரிக்கவில்லை.

லூவெலின் கணக்கில் ஒரு பிழை. பிரபுவின் மனைவி கர்ப்பமாக இருந்தார். செப்டம்பர் 29 அன்று ஆண் குழந்தை, பெயர் ஆன்ரி. அதிசயக் குழந்தை என்று கவிஞர்கள் கூத்தாடினார்கள். அப்பா விழுந்த இடத்தில் பரிகாரக் கோயில் ஒன்று எழும்ப ஆரம்பித்தது. பாதியில் 1830 புரட்சி வந்து வம்சத்தையே நாட்டைவிட்டு அனுப்பியது. கோயிலையும் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே லூவ்வா சதுக்கம், நடுவில் ஒரு நீரூற்று, நிழலுக்கு மரம். ஆள் செத்தான் என்று கட்டடத்தை இடித்து, அதற்குப் பரிகாரமாகக் கட்டியதையும் இடித்து, கடைசியில் தண்ணீர் விட்டார்கள்.

ஓபராவுக்குக் குடித்தனம் நடத்த இடம் வேண்டுமே? தற்காலிகமாக ல பெல்தியே தெருவில் ஒரு வருஷத்தில் ஒரு கொட்டகை போட்டார்கள். 1821 ஆகஸ்டில் திறந்தார்கள். 'தற்காலிகம்' என்று எந்த அரசாங்கம் சொன்னாலும் பேரன் காலம் வரை என்று அர்த்தம். இது 52 வருஷம் நின்றது. சிக்கனத்துக்காக, இடித்த பழைய அரங்கின் மரத்தையும் சாமான்களையும் இதற்கே பயன்படுத்தினார்கள். கொலை விழுந்த வீட்டு உத்திரத்தைப் புது வீட்டில் ஏற்றக்கூடாது என்று சொல்ல நம் ஊர்ப் பாட்டி ஒருத்தி அங்கே இல்லை.

உலர்ந்த பழைய மரம், அதற்கு நடுவில் 1822இலேயே வாயு விளக்கு. அந்தத் திறந்த சுடர்களுக்குப் பக்கத்தில் மெல்லிய வெள்ளைத் துணியை அடுக்கடுக்காகக் கட்டிய பெண்கள். நடனத்தை இவ்வளவு அழகாகவும் இவ்வளவு ஆபத்தாகவும் யோசித்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இல்லை. 1831இல் மாயர்பேரின் 'ராபர்ட் என்னும் பிசாசு' அரங்கேறிய இரவில் விளக்கு மாட்டிய சட்டம் ஒன்று பாடகியின் பக்கத்தில் விழுந்தது. மேகப் படுதா அறுந்து நடனக்காரி மரீ தக்லியோனியின் காலருகே விழுந்தது. கடைசிக் காட்சியில், பிசாசு மட்டும் நரகத்துக்குள் இறங்க வேண்டிய பொறியில் கதாநாயகன் நூரியும் குதித்துவிட்டார். கீழே மெத்தை இருந்ததால் பிழைத்தார். கதை நல்லபடியாக முடியவில்லையே என்று சனங்கள் கலங்க, ஓபராவோ மகத்தான வெற்றி.

நூரிக்குப் பொறி கீழே இல்லை, தொண்டையில் இருந்தது. 1837இல் துப்ரே என்ற புதுப் பாடகர் வந்து உச்ச ஸ்வரத்தை நெஞ்சிலிருந்து முழக்கினார். கழுத்தறுபடும் சேவலின் கூவல் மாதிரி இருக்கிறது என்று இசையமைப்பாளர் ரோசினி முகம் சுளித்தார், ஊர் எழுந்து நின்று தட்டியது. நூரி இத்தாலிக்குப் போய் அந்த வித்தையைக் கற்கப் பார்த்து இருந்த குரலையும் கெடுத்துக்கொண்டு, 1839 மார்ச்சில் நேபிள்ஸ் விடுதி ஜன்னலிலிருந்து குதித்தார். அங்கே மெத்தை இல்லை.

இந்த நூரியும் தக்லியோனியும் 1830இல் சேர்ந்து ஆடியது 'கடவுளும் தாசியும்'. கதை இந்தியாவில் நடக்கிறது. நூரி மாறுவேஷத்தில் வந்த கடவுள், தக்லியோனி தேவதாசி. காதலுக்காகத் தீயில் ஏற்றப்பட்டு, தீயிலிருந்து சொர்க்கத்துக்குப் போவாள். தேவதாசி என்றால் கணுக்கால் தெரியும் வெள்ளைப் பாவாடையும் கட்டைவிரல் நுனியில் நடையும் என்று பாரிஸ் முடிவு கட்டிவிட்டது. எட்டு வருஷம் கழித்து, 1838இல், திருவஹீந்திரபுரத்திலிருந்து நிஜமான தேவதாசிகள் ஐந்து பேரும் வாத்தியக்காரர்கள் மூன்று பேரும் கப்பலேறி வந்து பாரிஸில் வேறோர் அரங்கில் ஆடினார்கள். உடம்பு முழுக்க மூடிய புடவை, பாதம் முழுதும் தரையில் பதிந்த அடவு. இது என்ன தேவதாசி மாதிரியே இல்லையே என்று குறைப்பட்டவர்கள் இருந்தார்கள். அம்மணி என்ற பெண்ணைப் பார்த்துச் சொக்கிப்போய் எழுதியவர்களும் இருந்தார்கள்.

தக்லியோனி மேடைத் தீயில் எத்தனையோ இரவு ஏறி இறங்கியவர். ஒரு தீக்காயம் இல்லாமல் ஓய்வு பெற்றார். வயசான பிறகு அவர் கண்ணில் பட்ட பெண் எம்மா லீவ்ரி. பதினாறு வயசில் மேடைக்கு வந்தவள், எலும்பும் காற்றுமாக இருப்பாள். அவளுக்காகவே தக்லியோனி ஒரு நாட்டியம் அமைத்தார், இசை ஒஃபன்பாக். 1860இல் அரங்கேறிய அதன் பெயர் 'வண்ணத்துப்பூச்சி'. கதாநாயகி வண்ணத்துப்பூச்சியாக மாறித் தீவட்டிச் சுடரில் சிறகைக் கருக்கிக்கொள்வாள். இப்படி ஒரு கதையை அந்தக் கொட்டகையில், அந்த விளக்குகளுக்கு நடுவில் போடலாமா என்று கேட்க வேண்டாம். எல்லோரும் தட்டினார்கள்.

துணியைத் தீப்பிடிக்காமல் செய்ய வழி அப்போதே இருந்தது. கார்த்தரோன் என்பவரின் முறை: உப்புக் கரைசலில் முக்கி எடுத்து உலர்த்தினால் போதும். 1859 நவம்பரில் அரசாணையே வந்துவிட்டது, எல்லா வேஷத்துணியும் முக்கியாக வேண்டும் என்று. முக்கினால் துணி விறைத்துவிடும், வெள்ளை மங்கும், காற்றில் மிதக்காது. லீவ்ரி எழுதியே கொடுத்துவிட்டாள், முதல் இரவுகளில் முக்காத பாவாடையில்தான் ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று. நிர்வாகம் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டது. அரசாணை ஒரு பக்கம், காகிதம் ஒரு பக்கம். ஹெல்மெட் விஷயத்தில் நம் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடுதான்.

1862 நவம்பர் 15. அன்று ஆட்டம் இல்லை, ஒத்திகை. 'போர்த்திசியின் ஊமைப்பெண்' என்ற ஓபராவில் அந்த ஊமைப்பெண் லீவ்ரி. முழு ஓபராவில் எல்லோரும் பாடுவார்கள், அவள் மட்டும் பேச மாட்டாள். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, கசங்காமல் இருக்கப் பாவாடையை உதறிப் பரத்தினாள். அந்த உதறலின் காற்றில் விளக்குச் சுடர் எழும்பியது. மூன்று தடவை மேடையைக் குறுக்கே ஓடினாள் என்கிறார்கள். ஓட ஓட நெருப்புக்கு அது விசிறி. தீயணைப்பு வீரர் ஒருவர் போர்வையால் போர்த்தி விழுத்தாட்டினார். மார்க் கச்சையின் எலும்புச் சட்டம் உடம்போடு ஒட்டியிருந்தது. எட்டு மாதம் உயிரோடு கிடந்தாள். பிழைத்தால் முக்கி எடுத்த துணியில் ஆடுவீர்களா என்று கேட்டார்களாம். அசிங்கமாக இருக்கும் என்றாளாம். 1863 ஜூலை 26 அன்று போனாள். இந்த ஒருத்தியை வைத்து மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குத் தீப்பிடிப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. லீவ்ரிக்காக அல்ல, மூன்றாம் நெப்போலியனுக்காக. 1858 ஜனவரி 14 இரவு சக்கரவர்த்தியும் ராணியும் வண்டியில் வந்து இறங்கும் நேரம். ஓர்சினி என்ற இத்தாலியரும் கூட்டாளிகளும் மூன்று குண்டு வீசினார்கள். 8 பேர் சாவு, 150 பேர் அளவில் காயம். சக்கரவர்த்தியின் தொப்பியில் ஓட்டை. சக்கரவர்த்தி, பெரியப்பா காட்டிய வழியில், உள்ளே போய் உட்கார்ந்தார். ஆட்டம் பார்க்கிற வம்சம். அன்றைய நிகழ்ச்சியில், ஓபரா விருந்தில் சுடப்பட்டுச் செத்த சுவீடன் ராஜா குஸ்தாவின் கதையிலிருந்தும் ஒரு பகுதி இருந்தது. பொழுதுபோக்குக்கு அன்றைக்கு வேறென்ன வேண்டும்?

ஓர்சினிக்குக் கில்லட்டின். கட்டடத்துக்கு? அதேதான். சந்துக்குள் இருக்கும் கொட்டகை வேண்டாம், நான்கு பக்கமும் திறந்தவெளியுள்ள புது ஓபரா வேண்டும், சக்கரவர்த்தியின் வண்டி நேரே மேலேறி உள்ளே போகத் தனிச் சாய்பாதை வேண்டும். போட்டி வைத்தார்கள், 171 பேர் வரைபடம் அனுப்பினார்கள், 35 வயசு ஷார்ல் கார்னியே ஜெயித்தார். தோண்டினால் தண்ணீர். ராப்பகலாக நீராவி இயந்திரம் வைத்து இறைத்தும் தீராமல், கடைசியில் தண்ணீரையே தொட்டி கட்டிச் சிறைவைத்து அதன் மேல் கட்டடத்தை உட்காரவைத்தார்கள். பிறகு 1870 யுத்தம், தோல்வி, முற்றுகை. சக்கரவர்த்தி கடைசியில் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து 1873 ஜனவரியில் அங்கேயே இறந்தார். வேலை நின்றுபோனது. ஆளில்லாத சாய்பாதைக்கு அவசரம் என்ன?

இப்போது அதே 1873இன் அக்டோபர் கடைசி வாரம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், சரித்திரம் கதையாசிரியர்களுக்கு வேலையில்லாமல் செய்யும் இடம் இது. பிரான்ஸுக்கு மறுபடியும் ராஜா வேண்டும் என்று நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை சேர்ந்தது. ராஜா யார்? அப்பா செத்த பிறகு பிறந்த அதே அதிசயக் குழந்தை ஆன்ரி, இப்போது 53 வயசு. சிம்மாசனத்தைத் துடைத்து வைத்தாயிற்று. ஒரே ஒரு சின்ன விஷயம், மூவர்ணக் கொடியை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கொடிதான் வேண்டும் என்று அக்டோபர் 27 தேதியிட்டுக் கடிதம் எழுதினார் ஆன்ரி. 28 இரவு ல பெல்தியே ஓபரா வீடு தீப்பற்றியது. அவருடைய அப்பா செத்த அரங்கின் மரம் போட்டுக் கட்டிய வீடு. 29 அன்றும் எரிந்துகொண்டே இருந்தது. 30 அன்று கடிதம் பத்திரிகையில் வந்தது. அரங்கும் போயிற்று, அரசும் போயிற்று. ஆன்ரி 1883இல் பிள்ளையில்லாமல் இறந்தார். சேணம் தைத்த லூவெல் போட்ட கணக்கு 63 வருஷம் தாமதமாக, ஆனால் சரியாக, முடிந்தது.

வீடில்லாத ஓபராவுக்காகக் கார்னியேயை அவசரப்படுத்தி 1875 ஜனவரி 5 அன்று திறந்தார்கள். ஓபராவுக்கு இது 13ஆவது வீடு என்று எண்ணிச் சொல்பவர்கள் உண்டு. திறப்பு விழாவில் தன் இருக்கைக்குக் கார்னியே காசு கொடுத்து டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது. இவர்கள் கட்டடத்தையே இடிக்கிறவர்கள், கட்டியவனுக்கு என்ன மரியாதை செய்துவிடுவார்கள்!

13ஆம் வீட்டில் சாவு ஒன்று வந்தது, 1896 மே 20 அன்று. உச்சியில் 7 டன்னுக்கு ஒரு சரவிளக்கு. விளக்கு விழவில்லை. பிற்பாடு இதை வைத்து வந்த கதையிலும் படத்திலும் பாட்டு நாடகத்திலும்தான் விழும். அதைத் தாங்கும் எடைக்கட்டிகளில் ஒன்றின் கம்பி மின்கசிவில் உருகி அறுந்து, பல நூறு கிலோ இரும்பு மலிவு டிக்கெட் மாடத்தைத் துளைத்தது. செத்தவர் ஒரு கட்டடத்தின் வாயிற்காவல் அம்மாள், மகளோடு ஆட்டம் பார்க்க வந்தவர். கேஸ்டன் லெரூ என்ற பத்திரிகைக்காரர் இதையும் அடித்தள நீர்த்தொட்டியையும் சேர்த்துப் பிசைந்து 1909இல் தொடர்கதை எழுதினார். அதில் அந்த அம்மாள் தலையில் விளக்கே விழுந்தது, தொட்டி ஏரியாயிற்று, ஏரிக்கரையில் முகமூடி போட்ட பூதம் குடியேறியது. இன்று அரங்கில் ஐந்தாம் எண் மாடத்துக் கதவில் அந்தப் பூதத்தின் பெயர்ப்பலகை இருக்கிறது. இல்லாத ஆளுக்கு நிரந்தர இடம்.

கட்டடத்தை மட்டும் இந்தத் தடவை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. தண்டனை தப்பிய முதல் வீடு. அதன் மேற்குப் பக்கத்தில், வளைந்து மேலேறும் அந்தச் சாய்பாதை இன்னும் இருக்கிறது. சக்கரவர்த்தியின் வண்டி அதில் ஒரு தடவைகூட ஏறவில்லை. குண்டுக்குப் பயந்து அவருக்காகக் கட்டிய மண்டபத்தில் இப்போது ஓபராவின் நூலகமும் அருங்காட்சியகமும் நடக்கின்றன. எம்மா லீவ்ரியின் உடுப்பில் எரியாமல் மிஞ்சிய துண்டுகளை அவர்கள்தான் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.